குத்துவிளக்கும் மின்விளக்கும்

கிளென் வேவர்லியில் ஒரு சனிக்கிழமை மாலை. புலம்பெயர்ந்த மக்களின் பண்பாடுகளைக் கொண்டாடவென ஒழுங்குசெய்யப்பட்ட ஓவியக் கண்காட்சி ஒன்றின் தொடக்க விழா. பல நாட்டவரின் படைப்புகளோடு எம்மவர் சிலரின் ஓவியங்களும் சுவரில் இருந்தன. விளக்கும் இசையும் எங்கள் பொறுப்பு என்று சொல்லியிருந்தார்கள். காரின் டிக்கியில் பழைய சேலையால் சுற்றிய குத்துவிளக்கு, தேங்காயெண்ணெய்ப் போத்தல், திரி, நெருப்புப்பெட்டி. பின் ஆசனத்தில் வயலினும் மிருதங்கமும். கலியாண வீட்டுக்குப் போகும் உற்சாகத்தோடுதான் போய் இறங்கினோம்.

மண்டபப் பொறுப்பாளர் பண்பான மனிதர். விளக்கை வியந்து பார்த்தார், அதன் வயதைக் கேட்டார். பிறகு கூரையிலிருந்த புகையறியும் கருவியைச் சுட்டிக்காட்டினார். உள்ளே நெருப்புக் கூடாது. விளக்கைத் திருப்பிக் கொண்டுபோக எங்களுக்கு மனம் வரவில்லை. ஒருவர் கடைக்கு ஓடிப்போய், பற்றரியில் மினுங்கும் பிளாஸ்ரிக் மெழுகுதிரிகள் ஐந்தை வாங்கிவந்தார். ஐந்து முகத்திலும் அவற்றை வைத்தோம். பிரமுகர் வந்து நின்றார். "அண்ணை, இப்ப சுவிச்சை ஆர் போடுறது?" என்று எங்களோடு வந்த பிள்ளை ஒருத்தி கேட்டாள். எல்லோரும் சிரித்தோம். சிரிப்பு அடங்கிய பின்னும் அந்தக் கேள்வி போகவில்லை.

இசைக்காரர் இருவருக்கும் வைன் மேசைக்குப் பக்கத்தில் ஒரு மூலை கிடைத்தது. மண்டபத்தின் வெளிச்சம் முழுவதும் சுவரிலிருந்த ஓவியங்களை நோக்கித் திருப்பப்பட்டிருந்ததால் அவர்கள் இருவரும் அரையிருட்டில் இருந்து வாசித்தார்கள். வாசிப்புச் சூடுபிடித்தபோது, அதற்கு மேலால் கேட்கவேண்டுமென்று விருந்தினர் இன்னும் உரத்துக் கதைத்தார்கள். வாசிப்பு நின்றபோதுதான் அப்படி ஒன்று நடந்துகொண்டிருந்தது என்று பலருக்குத் தெரிந்தது. பழக்கதோசத்தில் கை தட்டினார்கள்.

இதை ஒரு முறைப்பாடாக எழுதவில்லை. எங்களை அழைத்தவர்கள் நல்லெண்ணத்தோடுதான் அழைத்தார்கள். ஆனால் ஒரு விழாவில் வெளிச்சம் யார்மேல் விழுகிறது, இசை கேட்கப்படுகிறதா அல்லது வெறுமனே ஒலிக்கவிடப்படுகிறதா என்பவற்றை அலங்கார விடயங்கள் என்று ஒதுக்கிவிட முடியவில்லை. அந்தச் சபை யாரை மனிதராக வரவேற்கிறது, யாரைப் பொருளாக வைத்துப் பார்க்கிறது என்பதை இவை இரண்டும் பேச்சுக்களுக்கு முன்பே சொல்லிவிடுகின்றன. இதற்கு ஒரு வரலாறும் உண்டு. அந்த வரலாற்றில் மெல்பேணுக்கும் பங்குண்டு, எங்களுக்கும் பங்குண்டு.

*

மாலை வேளையில் கண்காட்சிக்குப் போவது என்ற வழக்கமே விளக்கால் வந்ததுதான். ஓவியங்களைப் பகல் வெளிச்சத்தில்தான் பார்க்கலாம் என்றிருந்த காலத்தில், பகலெல்லாம் வேலை செய்பவனுக்கு ஓவியசாலையின் கதவு மூடிய கதவுதான். இலண்டன் சவுத் கென்சிங்ரன் அரும்பொருளகத்தில் ஹென்றி கோல் என்பவர் காஸ் விளக்குகளைப் பொருத்தி, 1858 முதல் மாலையிலும் கதவைத் திறந்துவைத்தார். தொழிலாளர் வேலை முடிந்து வந்து பார்க்கவேண்டும் என்பதே நோக்கம். புகையும் வெப்பமும் ஓவியங்களைக் கெடுத்துவிடும் என்ற அச்சம் அன்றும் இருந்தது. இருந்தும் விளக்கை ஏற்றினார்கள். யாருக்காக ஏற்றுகிறோம் என்பதில் தெளிவு இருந்தது.

மெல்பேண் இந்த வழக்கத்தைப் பெரிய அளவில் எடுத்துக்கொண்ட நகரம். கார்ல்ரன் தோட்டத்தில் இன்றும் நிற்கும் றோயல் எக்ஸிபிஷன் மண்டபம் 1880 ஒக்டோபர் 1ஆம் திகதி சர்வதேசக் கண்காட்சிக்காகத் திறக்கப்பட்டது. பிரான்சிலிருந்து வந்து குடியேறிய லியோன் கரோன் இசையமைத்த 'விக்டோரியா' என்ற இசைத்தொகுதியைப் பெரும் பாடகர் குழு ஒன்று அன்று பாடியது. எட்டு வருடங்களின் பின், 1888இல், அதே மண்டபத்தில் நூற்றாண்டுக் கண்காட்சி. இம்முறை மின்விளக்குகள் வந்துவிட்டன. இரவிலும் சனம் திரண்டது. இலண்டனிலிருந்து பிரெடரிக் கவன் என்ற இசை நடத்துநரை ஆறு மாதங்களுக்கு 5,000 பவுண் சம்பளம் பேசி அழைத்துவந்தார்கள். அவர் இருநூறுக்கு மேற்பட்ட கச்சேரிகளை நடத்தினார். அங்கே இசை மூலையில் வைக்கப்படவில்லை. அதற்கென நேரமும் மேடையும் இருந்தன. சனம் இருந்து கேட்டது.

1880ஆம் ஆண்டுக் கண்காட்சிக்கு இலங்கையும் தன் விளைபொருள்களை அனுப்பியிருந்தது. தேயிலையும் அவற்றுள் ஒன்று. கோப்பிச் செடியை நோய் அழித்துக்கொண்டிருந்த காலம் அது. மலையகத்தின் தோட்டங்கள் தேயிலைக்கு மாறிக்கொண்டிருந்தன. அந்தத் தேயிலையின் பின்னால் தமிழ்நாட்டின் வரண்ட கிராமங்களிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கிக் காடும் மேடும் நடந்து மலையேறிய மக்கள் இருந்தார்கள். கார்ல்ரன் தோட்டத்து மண்டபத்தில் வெளிச்சம் தேயிலையின்மேல் விழுந்தது. கொழுந்து எடுத்த கையின்மேல் அது விழவில்லை.

அந்த மண்டபத்தின் கதை அத்தோடு முடியவில்லை. 1901 மே 9ஆம் திகதி அவுஸ்திரேலியாவின் முதலாவது கூட்டாட்சிப் பாராளுமன்றம் அங்கேதான் தொடக்கிவைக்கப்பட்டது. ரொம் றொபேர்ட்ஸ் அந்த நிகழ்வை மிகப் பெரிய ஓவியமாக வரைந்தார். இருநூற்றைம்பதுக்கு மேற்பட்ட முகங்களை இன்னார் இன்னார் என்று அடையாளம் காணலாம். ஒவ்வொருவருக்கும் முகம் வேண்டும் என்பதற்காக அந்த ஓவியன் இரண்டு வருடங்களுக்கு மேல் பாடுபட்டான். அதே ஆண்டின் இறுதியில் அந்தப் பாராளுமன்றம் குடிவரவுக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. நிறத்தைச் சொல்லாமலே நிறத்தால் தடுக்கும் சட்டம். வேண்டாதவருக்குச் சுங்க அதிகாரி ஏதாவதொரு ஐரோப்பிய மொழியில் ஒரு பந்தியை வாசிப்பார். அதை எழுதத் தவறினால் வந்த கப்பலிலேயே திரும்பவேண்டும். இந்தச் சொல்வதெழுதல் சோதனை 1958 வரை இருந்தது. வெள்ளை அவுஸ்திரேலியாக் கொள்கை முற்றாகக் கைவிடப்பட்டது 1973இல்தான். தேயிலைப் பெட்டி தாராளமாக வந்து இறங்கிய துறைமுகத்தில் தேயிலைக்காரனுக்கு இடமில்லாதிருந்த காலம் அது.

மெல்பேணின் பழைய சுங்கக் கட்டடம் 1998 முதல் குடிவரவு அரும்பொருளகமாக இயங்குகிறது. தடுத்த கதவே பின்னாளில் வரவேற்பின் காட்சிச்சாலையானது என்பதில் எங்களுக்கு மகிழ்ச்சிதான். 1983 யூலைக்குப் பின் இங்கு வந்து இறங்கிய எங்களிற் பலர் அந்தப் படிகளில் ஏறியபோது ஒரு கணம் நின்று திரும்பிப் பார்த்திருக்கிறோம்.

*

மெல்பேண் மின்விளக்கில் மினுங்கிய அந்த வருடங்களில் எங்கள் ஊர் இரவுகளை வெளிச்சமாக்கியது எது? கூத்துக் களரியை எடுத்துக்கொள்வோம். மட்டக்களப்பில் வட்டக்களரி, சுற்றிவரச் சனம், நடுவில் அண்ணாவியார் மத்தளத்தோடு. விடியும்வரை ஆட்டம். முதலில் தீப்பந்தமும் எண்ணெய் விளக்குகளும், பிறகு பெற்றோமக்ஸ். அந்த வெளிச்சத்தில் ஆடுபவனுக்கும் பார்ப்பவனுக்கும் பெரிய வேறுபாடில்லை. களரியின்மேல் விழுந்த அதே ஒளி முன்வரிசைப் பிள்ளைகளின் தூங்கி வழிந்த முகங்களிலும் விழுந்தது. மத்தளக்காரர் இருட்டில் இருக்கவில்லை. அவர் கைகளைப் பார்த்துத்தான் ஆட்டக்காரன் காலை எடுத்துவைத்தான்.

பெற்றோமக்ஸ் வெளிநாட்டுப் பொருள் என்றே நாங்கள் நினைத்திருந்தோம். பேர்லினில் எஹ்ரிச் அன்ட் கிறேற்ஸ் என்ற தொழிற்சாலை செய்த விளக்கு அது. மக்ஸ் கிறேற்ஸ் என்பவரின் பெயர்தான் விளக்கின் வாலில் ஒட்டியிருக்கிறது. ஆனால் அதன் வெள்ளை ஒளி வருவது மண்ணெண்ணெயில் இருந்து அல்ல. மன்ரில் என்று நாங்கள் சொல்லும் அந்தச் சின்ன வலைப்பையில் இருந்து. அவுவர் வொன் வெல்ஸ்பாக் என்ற ஒஸ்திரிய விஞ்ஞானி கண்டுபிடித்தபடி, அந்த வலை தோரியம் என்ற மூலகத்தின் ஒட்சைட்டால் ஆனது. தோரியத்துக்கு மொனசைற் மணல் வேண்டும். 1909இல் ஷொம்பேர்க் என்ற ஜேர்மன் இரசாயனவியலாளர், இந்தியாவிலிருந்து வந்த தென்னந்தும்புக் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் அதைக் கண்டார். கயிற்றின் வழியே தேடிப்போய் மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் ஆலையை அமைத்தார். அன்று திருவிதாங்கூரில் இருந்து, 1956 முதல் தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும் கடற்கரைக் கிராமம் அது. தமிழ்க் கரையின் மணல் ஜேர்மனிக்குப் போய் விளக்காகி உலகெங்கும் திரும்பிய காலம் அது. எங்கள் களரிக்கு வந்த வெளிச்சத்திலும் அந்த மணலின் துகள் இருந்திருக்கக்கூடும் என்று நினைக்க ஆசையாக இருக்கிறது.

ஆகவே எங்கள் விளக்கு எந்தக் காலத்திலும் மாறாதிருந்தது என்று நாங்கள் வாதிட வரவில்லை. 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைப் படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தார். 'கர்ணன் போர்', 'இராவணேசன்', 'வாலி வதை' ஆகியவை அவ்வாறு வந்தவை. விடியவிடிய ஆடிய கூத்து ஒன்றிரண்டு மணித்தியாலத்துக்குள் வந்தது. மின்விளக்கு மேடையில் மட்டும் விழுந்தது. பார்வையாளர் முதன்முறையாக இருட்டுக்குள் போனார்கள். அண்ணாவியாரும் மத்தளமும் நடுவிலிருந்து ஓரத்துக்கு நகர்ந்தார்கள். படித்த தமிழர் கூத்தை மதிக்கத் தொடங்கியது இதனால்தான் என்பதை மறுக்கமுடியாது. மத்தளம் ஓரத்துக்குப் போனதும் அப்போதுதான். வைன் மேசைக்குப் பக்கத்து மூலைக்கான பாதையை நாங்களும் கொஞ்சம் வெட்டியிருக்கிறோம்.

*

பிறகு வந்த இருட்டு வேறுவகை. 1990 யூனில் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லாமற்போனது. மண்ணெண்ணெய் தங்கத்தின் விலை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, அது நனையுமளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு, ஒரு திரியைப் பொருத்தி விளக்காக்கினார்கள். அந்த வெளிச்சத்தில் பிள்ளைகள் உயர்தரப் பரீட்சைக்குப் படித்தார்கள். சைக்கிளைக் கவிழ்த்துவைத்து மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில் றேடியோவும் கசற்றும் கேட்டார்கள். கை ஓய்ந்தால் பாட்டும் இழுபட்டு ஓய்ந்துவிடும். ஒருவர் சுற்ற, மற்றவர்கள் கேட்டார்கள். பிறகு ஆள் மாறினார்கள். இசையைக் கேட்பதற்கு உடல் உழைப்பு வேண்டியிருந்த அந்தக் காலத்தில் யாரும் பாட்டுக்கு மேலால் கதைத்ததாக எங்களுக்கு நினைவில்லை.

ஓவியர் அ. மாற்கு அந்த இருட்டுக்குள்ளும் மாணவர்களோடு கலையைப் பேசிக்கொண்டிருந்தவர். 1995இன் பெரும் இடப்பெயர்வில் தன் படைப்புகளிற் பலவற்றை இழந்தார். 2000ஆம் ஆண்டு காலமானார். சுவரும் சட்டமும் சரியான வெளிச்சமும் வாய்க்காத ஓவியங்கள் எத்தனை என்று எண்ணிப் பார்க்க முடியாத தலைமுறை எங்களுடையது.

ஓவியசாலைகளில் ஒளியை லக்ஸ் என்ற அலகால் அளப்பார்கள். ஒரு மெழுகுதிரியிலிருந்து ஒரு மீற்றர் தூரத்தில் விழும் ஒளி ஏறத்தாழ 1 லக்ஸ். கடதாசியில் வரைந்தவை, புகைப்படங்கள், துணிகள் ஆகியவை மங்கிப்போகாதிருக்க 50 லக்ஸுக்கு மேல் ஆகாது என்பது பொதுவான விதி. கண்காட்சிகளுக்குப் போகும் எம்மவர் "ஏன் இப்பிடி மங்கலாக வைச்சிருக்கினம்?" என்று கேட்பதன் காரணம் இதுதான். அந்த மங்கலும் ஜாம் போத்தல் வெளிச்சத்தைவிடப் பல மடங்கு. ஒரு கடதாசிக்குக் கிடைக்கும் இந்தப் பராமரிப்பைப் பார்க்கும்போது எங்களுக்குப் பொறாமை வருவதில்லை. ஆனால் அந்தப் பிள்ளைகளின் கண்கள் நினைவுக்கு வருகின்றன.

*

வெளிச்சத்தைப் பற்றிப் பேசிவிட்டு மேளத்தைப் பற்றிப் பேசாமல் போனால் அது நேர்மையாகாது. விழாவுக்கு எந்த இசை 'மங்கலம்' என்று முடிவுசெய்தது யார்? யாழ்ப்பாணத்துத் திருவிழாக்களில் விடியவிடிய மேளக்கச்சேரி நடக்கும். தவில் மேதை தட்சிணாமூர்த்தி 1975இல் மறைந்தபோது அவருக்கு 42 வயதுகூட ஆகியிருக்கவில்லை. அவர் வாசிப்பைக் கேட்கத் தமிழ்நாட்டு வித்துவான்களும் காத்திருந்தார்கள். ஆனால் வீதியில் அவரைக் கொண்டாடிய அதே சமூகம், பந்தியில் மேளகாரருக்கு எங்கே இடம் என்பதைச் சாதியால் அளந்தது. பறை அடித்தவருக்கு அந்த வீதிகூடச் சொந்தமில்லை. சாவீட்டுக்கு அழைக்கப்பட்டார், வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டார். அடிமைத் தொழிலென்று பறையைக் கைவிடுவதையே ஒரு போராட்டமாகச் செய்த ஊர்களும் உண்டு. 1968இல் மாவிட்டபுரம் கோயிற் கதவின் முன் நடந்தவற்றை எங்களிற் சிலர் இன்னும் மறக்கவில்லை.

இன்று அவுஸ்திரேலிய மேடைகளில் எங்கள் பிள்ளைகள் பறையை உற்சாகமாக அடிக்கிறார்கள். நல்லது. மட்டக்களப்பில் பறைமேளக் கூத்து என்ற முழுமையான கலையே உண்டு என்பதையும் அவர்கள் அறியவேண்டும். அந்தத் தோலை வாசலுக்கு வெளியே நிறுத்தியவர்கள் வேறு யாருமல்லர் என்பதையும் சேர்த்து அறியவேண்டும். எங்களை மூலையில் வைத்தார்கள் என்று நாங்கள் வருந்தும்போது, நாங்கள் யாரை எந்த மூலையில் வைத்தோம் என்ற கேள்வியும் பக்கத்திலேயே வந்து இருந்துகொள்கிறது. அதை எழுப்பி அனுப்பக்கூடாது.

*

கிளென் வேவர்லிக்குப் பக்கத்தில், வீலர்ஸ் ஹில்லில், 1990இல் திறக்கப்பட்ட ஓர் ஓவியசாலை இருக்கிறது. நீண்டகாலம் மொனாஷ் ஓவியசாலை என்றிருந்து, 2023 முதல் அவுஸ்திரேலியப் புகைப்பட அரும்பொருளகம் என்று பெயர் மாறியுள்ளது. அந்தக் கட்டடத்தை வடிவமைத்தவர் ஹரி சைட்லர். வியன்னாவில் பிறந்த யூதர். 1938இல் நாசிகள் ஒஸ்திரியாவைப் பிடித்தபோது 15 வயதுப் பையனாக இங்கிலாந்துக்குத் தப்பியவர். அடைக்கலம் தந்த நாடே 1940இல் அவரை எதிரி நாட்டவன் என்று பிடித்துத் தடுப்பு முகாமில் போட்டு, பின் கனடாவிலுள்ள முகாமுக்குக் கப்பலேற்றியது. 1948இல் சிட்னிக்கு வந்தார். வேவர்லிப் பகுதி மக்கள் ஓவியம் பார்க்கும் சுவர்களையும், அவற்றில் வெளிச்சம் விழும் வழிகளையும் ஒரு அகதி திட்டமிட்டுத் தந்திருக்கிறார். இதை அறிந்தபோது எங்களுக்கு ஒரு தைரியம் வந்தது. வெளிச்சத்தை எங்கே வைப்பது என்று இந்த நாட்டில் ஒரு அகதி சொல்லலாம்.

அதனால் அடுத்தமுறை வேறொரு விழாவுக்கு அழைப்பு வந்தபோது, ஒழுங்குசெய்தவர்களுக்கு முன்கூட்டியே ஒரு கடிதம் எழுதினோம். மூன்றே மூன்று விடயங்கள். இசைக்குப் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடமும் வெளிச்சம் வாசிப்பவர்மேல் விழவேண்டும், எல்லோரும் இருந்து கேட்கவேண்டும். ஓவியரின் பெயர் சுவரில் இருப்பதுபோல் வாசிப்பவரின் பெயரும் சுவரில் இருக்கவேண்டும். மூன்றாவது விளக்கு. அதற்கு வழிகாட்டியவர்கள் இந்த மண்ணின் மூத்த குடிகள். அவர்களின் வரவேற்புச் சடங்கில் யூக்கலிப்ரஸ் இலைகளைப் புகைப்பது பெரும்பாலும் திறந்த வெளியில்தான். மக்கள் அந்தப் புகையினூடாக நடந்து உள்ளே போவார்கள். அப்படியானால் எங்கள் விளக்கும் வெளிமுற்றத்தில் எரியலாம். ஓவியங்களுக்குக் கரி படியாது, கருவியும் அலறாது, வருபவர் எல்லோரும் அதைக் கடந்துதான் வருவார்கள்.

ஒத்துக்கொண்டார்கள். அன்று மாலை மெல்பேணின் வழக்கமான காற்று. ஐந்து முகத்தில் இரண்டு அணைந்துவிட்டது. அம்மா ஒருவர் சேலைத் தலைப்பை விரித்து மறைத்தார். முன்பின் அறியாத வியட்நாமிய முதியவர் ஒருவர் தன் தொப்பியைக் கழற்றி மறுபக்கம் பிடித்துக்கொண்டார். பிரமுகர் வரச் சுணங்கியது. முன்னொரு நாள் சுவிச்சைப் பற்றிக் கேட்ட அதே பிள்ளை, யாரிடமும் கேட்காமல் நெருப்புப்பெட்டியை எடுத்து அந்த இரண்டு திரிகளையும் மீண்டும் கொளுத்தினாள். உள்ளே மிருதங்கத்துக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. சனம் கதையை நிறுத்திவிட்டு உள்ளே போகத் தொடங்கியது.